சும்மா கிடக்கும் நேரம்

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு பால்தான் காய்ச்சுவது? நீ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய். உன் சொந்தப் பொறுப்பில் நடக்கப்போகிற முதல் ஆராய்ச்சி; பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் மூளையில் மொழி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப்போகிறாய். "கணக்கு டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க, எதுல இருந்து எதக் கழிக்கட்டும்?" என்று விளையாட்டாகக் கேட்டாய். பதிலையும் நீயே சொன்னாய். படத்தைப் பார்த்து மனசுக்குள் பெயர் சொல்லும் நேரத்தில் மூளை காட்டுவதிலிருந்து, சும்மா கிடக்கும் நேரத்தில் காட்டுவதைக் கழிப்பது. அப்பாவுக்குச் செய்த மாதிரியே. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் பால் பொங்குகிறது என்று சொன்னேன். போனில் நான் அழுதால் நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பயந்துபோவாய். அதனால்தான் எழுதுகிறேன். காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிப் பழகியவளுக்கு, எழுதினால்தான் யோசனையும் வரிசையாக வருகிறது.

இதைப் படித்துவிட்டு, அம்மா என்னைக் குற்றம் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அப்பா போன புதிதில், நீ காரியங்களை முடித்துக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பியபோது உன் முகத்தைப் பார்த்துக்கூட வழியனுப்ப முடியாத அளவுக்கு இருந்தது. இப்போது இல்லை. இப்போது இருப்பது வெறும் துக்கம்தான். அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை உன்னிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேனே என்று சில நாட்களாக உறுத்துகிறது.

உன் அப்பாவின் மத்தியானத் தூக்கம் உனக்கு நினைவிருக்கும். ஆற்றுப் பாசனப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலேயே முடியை நரைக்கவிட்ட மனிதர். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தால், கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மனசுக்குள் ஆற்றோடு கீழே போவார். பாபநாசத்தில் ஆரம்பிப்பார். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஒவ்வொரு அணைக்கட்டாக நின்று, எந்தக் கால்வாய் எந்தப் பக்கம் பிரிகிறது, மதகு எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். சிலர் ஆட்டுக்குட்டியை எண்ணுவதாகச் சொல்வார்களே, இவருக்கு அணைக்கட்டு. நடுவில் நான் ஏதாவது கேட்டால் கண்ணைத் திறக்காமலே, "ஏளா, சுத்தமல்லி வந்துட்டேன், பைய பேசு" என்பார். நம் வீட்டில் அது பெரிய கேலி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ எட்டிப் பார்த்து, "அப்பா எங்க வரைக்கும் போயாச்சு?" என்று என்னிடம் கேட்பாய். குறட்டை கேட்டால் மருதூர் தாண்டியாயிற்று என்று அர்த்தம். ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தான் போனதே இல்லை, அதற்குள் தூக்கம் வந்துவிடும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கடலைப் பார்க்காமலே தினமும் திரும்பி வருகிற ஆள் என்று நான் கிண்டல் செய்வேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ கல்லூரியில் புள்ளியியல் எடுத்த வருஷம், அப்பாவுக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு தகராறு நடந்தது. ஒரு கால்வாயில் மேலே ஓர் அளவுகோல், கீழே ஓர் அளவுகோல். இரண்டிலும் தண்ணீர் ஒரே அளவு காட்டியது. மேலதிகாரி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார், பூஜ்யம் வந்தது, நடுவில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை என்று எழுதிவிட்டார். அப்பா கரையோடு நடந்துபோய்ப் பார்த்தார். நடுவில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அதே நடுவில் ஒரு காட்டு ஓடையும் வந்து கலந்துகொண்டிருந்தது. போனதும் வந்ததும் சரியாகப் போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லி, "கழிக்கதுக்கு முன்னால ரெண்டையும் போய்ப் பாத்துரணும்லா" என்றார். நீ அப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இருபது வயதில் யார்தான் அப்பா பேச்சைக் கேட்கிறார்கள்? நானும் பெரிதாகக் கேட்கவில்லை, ரசத்துக்கு உப்புப் போதுமா என்றுதான் கேட்டேன்.

பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போனபோது, அவரிடம் மிஞ்சியது 'அது' என்கிற ஒரே வார்த்தை. காபிக்கும் அது, வலிக்கும் அது, மின்விசிறிக்கும் அது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். தட்டு, சாவி, பூனை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். அப்பா வாயைக் கோணிக்கொண்டு முயற்சி செய்வார், 'அது' என்றுதான் வரும், பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நீ வந்து ஒருநாள் அதைக் கூட இருந்து பார்த்தாய். மாடிப்படியில் போய் உட்கார்ந்து நீ அழுததை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் உன் ஆய்வுக்கூடத்தில் நடந்துகொண்டிருந்த பரிசோதனையில் அப்பாவையும் சேர்த்தாய். அவருக்கு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்குத் தகுந்தாற்போல் செய்யலாம் என்று சொன்னாய். அது பாசத்தில் செய்தது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று நீ எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாய். உள்ளே மூன்று விதமான நேரம் மாறி மாறி வரும். ஒன்றில் படம் வரும், மனசுக்குள் பெயர் சொல்ல வேண்டும். ஒன்றில் வெறும் பிளஸ் குறி, அப்போது சும்மா கிடக்க வேண்டும். ஒன்றில் மூட்டமாக ஏதோ தெரியும், அதில் சிவப்புப் புள்ளி வந்தால் இடது கையால் பொத்தானை அமுக்க வேண்டும். மூளை எப்போதும் எதையாவது செய்துகொண்டேதான் இருக்கும், தனியாக ஒரு நேரத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான் தெரியும் என்றாய். நான்காம் வகுப்புக் கணக்குத்தான் என்று நானும் தலையாட்டினேன். பிறகு அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டு, குனிந்து அவர் காதில் நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ப்ளஸ் வந்தா ஒண்ணும் செய்யாண்டாம்ப்பா. வீட்ல மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்திருப்பீங்கல்லா, அது மாதிரி சும்மா கெடங்க." அப்பா சரி என்று கண்ணை மூடித் திறந்தார். அவர் பயப்படக்கூடாது என்பதற்காக, அவருக்குப் பழக்கமான ஒன்றைச் சொன்னாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உலகத்தில் வேறு யார் அந்தக் கருவிக்குள் போய்ப் படுத்திருந்தாலும் அந்த வார்த்தையால் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

முடிவு வந்தது. பெயர் சொல்லும் நேரத்திலிருந்து சும்மா கிடந்த நேரத்தைக் கழித்தார்கள். மொழிக்கான இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. புள்ளிக்குப் பொத்தான் அமுக்குகிற பகுதியைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாரும் சும்மா கிடக்கும் நேரத்தைத்தான் அடிப்படையாக வைப்பார்கள், உன் ஆய்வுக்கூடத்துப் பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள் என்றாய். பொங்கலுக்கு வந்திருந்தபோது, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "அப்பாவுக்குள்ள இப்ப வார்த்தையே இல்லம்மா. நாம ஏத்துக்கிடணும். அந்தப் பிள்ளைய வரச்சொல்லி அவரச் சங்கடப்படுத்தாண்டாம்." பயிற்சிக்கு வந்த பெண்ணை நிறுத்திவிட்டோம். அன்று மத்தியானம் அப்பா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போல என்று நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் அவரிடம் யாரும் பேசவில்லை. அவரைப் பற்றிப் பேசினோம், அவருக்கு மேலாகப் பேசினோம். வருகிறவர்களும் வாசலில் நின்றே என்னிடம் விசாரித்துவிட்டு, அவரை எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சாமிக்குக் கும்பிடு போடுவது மாதிரி.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். நான் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தார். நெஞ்சின்மேல் இருந்த இடது கையின் கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. அந்தப் பக்கம் ஒருதரம், இந்தப் பக்கம் ஒருதரம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. நடுக்கம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே. அடுத்த நாளும். ஒருநாள் சும்மா பழைய பழக்கத்தில், யாரிடம் கேட்கிறேன் என்ற நினைப்புக்கூட இல்லாமல், "எங்க வரைக்கும் போயாச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு அவர் என்னை அப்படி நேராகப் பார்த்தது அன்றுதான். நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் அவரோடு கூடப் போனேன். வாய்விட்டு ஒவ்வொரு அணைக்கட்டாகச் சொன்னேன். கன்னடியன் என்றதும், கால்வாய் பிரிகிற பக்கமாக விரல் தெற்கே சாய்ந்தது, அரியநாயகிபுரத்துக்கு வடக்கே. அரியநாயகிபுரத்துக்கு அடுத்து, வேண்டுமென்றே பழவூரை விட்டுவிட்டு சுத்தமல்லி என்றேன். கை நின்றுவிட்டது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு "அது… அது…" என்று கட்டில் சட்டத்தைத் தட்டினார். நான் பழவூர் என்று சொல்லும்வரை விடவில்லை. பழவூரிலிருந்து வருகிற தண்ணீர்தானே நம் தெருமுனையில் பாளையங்கால்வாயாக ஓடுகிறது, அதை விட்டுவிட்டால் அவருக்குப் பொறுக்குமா? அன்றைக்கு நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி, என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ பொறுமையாகக் கேட்டாய். கேட்டுவிட்டு, "அது பழக்கம்மா. மனப்பாடமா இருக்கது வேற, மொழி வேற. பேச்சுப் போனவங்க சிலபேர் பாட்டுக்கூடப் பாடுவாங்க" என்றாய். இருக்கலாம். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் மனப்பாடம் என்றால் தவறாகச் சொன்னாலும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்காதா, நின்று ஏன் சண்டை போடுகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பயிற்சி கொடுத்த பெண்ணை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் கல்யாணமாகித் திசையன்விளைக்குப் போய்விட்டிருந்தாள். வேறு ஆளை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மீதி உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கடைசி நாள் மத்தியானம், நீ ரயிலில் வந்துகொண்டிருந்தாய். அவர் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு நான் ஆற்றோடு போனேன். மருதூர் என்றபோது விரல் இரண்டு பக்கமும் அசைந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அசையவில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூச்சு மாறிவிட்டது தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அவர் போகாத பக்கமெல்லாம் நானே அழைத்துக்கொண்டு போனேன், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர், புன்னக்காயல், கடல் வரைக்கும். அஸ்தியைப் பாபநாசத்தில் கரைப்பதுதான் நம் வழக்கம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்ல, புன்னக்காயலில்தான் கரைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன் அல்லவா? அந்த வெயிலில் அவ்வளவு தூரம் எதற்கு என்று நீ கூடச் சலித்துக்கொண்டாய். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏன் என்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்போது சொல்ல எனக்குத் தெம்பில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது, ஐந்திலிருந்து ஐந்து போனால் ஒன்றுமே இல்லை டீச்சர் என்று சொல்லும். ஒன்றும் இல்லை என்று இல்லை, இரண்டும் சமம் என்று அர்த்தம் என்று திருத்துவேன். அப்பாவுக்கு வந்த பூஜ்யமும் அதுவாக இருக்கலாம் இல்லையா? படத்தைப் பார்த்துச் சாவி, பூனை என்று உள்ளே திணறித் திணறிச் சொன்னார். பிளஸ் குறி வந்ததும், மகன் சொன்னபடி, வீட்டில் மத்தியானம் படுத்திருப்பது மாதிரி சும்மா கிடந்தார். சும்மா கிடந்து, நதியுண்ணி, கன்னடியன் என்று நிறைய வார்த்தைகளோடு ஆற்றில் கீழே போய்க்கொண்டிருந்தார். நீங்கள் அதை எடுத்து இதிலிருந்து கழித்துவிட்டீர்கள். ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அம்மா ஆசையில் சொல்கிறாள் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் உன்னிடம் வரப்போகிறவர்களில் ஒருவர் மனசுக்குள் பதிகம் ஓதுவார். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் அல்லாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திக்ர் செய்வார். கடைக்கார அண்ணாச்சி சரக்கு விலையைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு தாய் பெற்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நம் ஆட்களைச் சும்மா கிட என்றால் சும்மாவா கிடப்பார்கள்? அதனால் சும்மா கிடக்கும் நேரத்தை அடிப்படையாக வைக்காதே. புள்ளி பார்த்துப் பொத்தான் அமுக்குகிற மாதிரி, மனசை வேறு பக்கம் அலையவிடாத ஒரு வேலையை வைத்து, அதிலிருந்து கழி. கருவியை விட்டு வெளியே வந்ததும், உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கூட வந்திருக்கும் வீட்டு ஆளிடமாவது ஒரு வார்த்தை கேள். முடிவு வந்த பிறகு, அது எதுவாக இருந்தாலும், படுத்திருப்பவருக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் சொல்.

அந்தக் கடைசி வரியை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பொங்கல் அன்று நீ சொன்னதை அவர் கேட்டாரா என்று உனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டிருப்பார் ஐயா. பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வராது. ஆனால் இதையும் தெரிந்துகொள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் மணி அடித்தால், இடது கையைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். அவரிடம் போனைக் கொடுத்து என்ன செய்ய, அவருக்குப் புரியாது என்று நீ சொன்ன நாட்களிலும் நான் ஒலிபெருக்கியைப் போட்டுத் தலையணைமேல் வைத்துவிடுவேன். நீ என்னிடம்தான் பேசிக்கொண்டிருப்பாய், ஆபீஸ் கதை, வாடகை, பெங்களூர் மழை. அவர் முழுசும் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார். உன்மேல் அவருக்கு வருத்தம் இருந்தது என்று நான் நம்பவில்லை. இருந்திருந்தாலும் மருதூர் தாண்டுவதற்குள் தூங்கிப்போயிருக்கும்.

அப்பாவின் ஸ்கேன் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. நீ அதைத் திரும்ப எடுக்காமல் இருப்பதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் போகட்டும், மனசு கேட்கும்போது செய். புள்ளிக்குப் பொத்தான் அமுக்கின நேரம் ஒன்று ஒதுக்கிவைத்தீர்களே, அதையும் எடுத்துக்கொள். இந்தத் தடவை மாற்றிக் கழித்துப் பார். சும்மா கிடந்த நேரத்திலிருந்து அதைக் கழித்து, மொழிக்கான இடத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா என்று கவனி. அப்பா எங்க வரைக்கும் போயிருந்தார் என்று அந்தப் படம் சொல்லாது, அந்த அளவு எனக்கும் தெரியும். போய்க்கொண்டிருந்தாரா என்று மட்டும் பார்த்துச் சொல்லு.

அம்மா